சுக்கினிக்குக் குக்கர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில் வந்த சுக்கினி (வெள்ளரி போல நீண்ட, பூசணி வகைக் காய்) கூட்டுக்கு, தோலைச் சீவி ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் இரண்டு விசில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி வைத்தால் கூட்டு வராது, கஞ்சிதான் வரும். இந்தக் காயில் 95 சதவீதத்துக்கு அருகில் தண்ணீர்தான் இருக்கிறது. வெளியிலிருந்து ஊற்ற என்ன தேவை?

வாங்கும்போது ஒரு சாணுக்கு மேல் நீளாத, கையில் எடுத்தால் கனக்கிற காயாகப் பாருங்கள். நகம் பட்டதும் தோல் கீறினால் இளசு. (கடைக்காரர் முறைப்பார், காம்போரமாகக் கீறிக்கொள்ளுங்கள்.) இளங்காய்க்குத் தோல் சீவக் கூடாது. வெந்த துண்டு உருக்குலையாமல் நிற்பது அந்தத் தோலால்தான். முழங்கை நீளம் வளர்ந்து முற்றிய காய்க்கு மட்டும் தோலைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, பஞ்சையும் விதையையும் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். அது பொரியலுக்கு உதவாது. மோர்க்குழம்பில் பூசணிக்குப் பதிலாகப் போடலாம்.

செய்முறையில் அடியோடு விட்டுப்போனது கசப்புப் பார்ப்பது. பீர்க்கங்காய்க்கும் சுரைக்காய்க்கும் நம் வீடுகளில் செய்வதுதான்: காம்பை அரிந்ததும் சின்னத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் முழுக்காயும் குப்பைக்கு. குக்கர்பிட்டாசின் என்ற அந்த நச்சு வேகவைத்தாலும் போகாது. வெல்லமோ புளியோ போட்டுக் கசப்பை மறைப்பது இன்னும் ஆபத்து. ஜெர்மனியில் 2015-இல் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். கடைக்காயில் இது அரிது. தோட்டத்துக் காயிலிருந்து விதை எடுத்து மறுபடி ஊன்றுகிறவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். பக்கத்தில் அலங்காரப் பூசணி இருந்து மகரந்தம் கலந்திருந்தால், அந்த விதையில் வரும் காய் கசக்கக்கூடும்.

பொரியலுக்கு அரைக் கிலோ காயை அரை அங்குல கனத்தில் அரைவட்டமாக நறுக்குங்கள். அதைவிட மெல்லிசானால் கரைந்துவிடும். ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசிறி 20 நிமிடம் வடிதட்டில் வைத்து, இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் தாளித்து, காயை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்தால், காய் தான் விட்ட தண்ணீரிலேயே அவிந்துவிடும். மூடி போடாதீர்கள், ஓயாமல் கிளறவும் வேண்டாம். அடிப்பக்கம் சிவந்ததும் ஒரு புரட்டு, மொத்தம் ஐந்தாறு நிமிடம். தேங்காய்த் துருவல் இறக்கும்போதுதான். காயில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும், ருசி பார்த்த பிறகே மேலும் போடுங்கள்.

கூட்டு என்றால் உப்பில் வடிக்கும் வேலை இல்லை. பாசிப்பருப்பைத் தனியாக, கெட்டியாக வேகவைத்து, தேங்காய் சீரக விழுது சேர்த்துக் கொதி வந்த பிறகு காயைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதமாகிவிடும்.

அடைக்குத் துருவிப் போடுகிறவர்கள் உப்புப் பிசிறிப் பத்து நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாவு நீர்த்து, அடை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பிழிந்த தண்ணீரை மாவு அரைக்கவே ஊற்றிக்கொள்ளலாம். மாவில் உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி