பேட்ஜுக்குப் பின்னால் இருக்கும் துணி

அன்பு நண்பா,

உன் மெயில் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து அதற்குள் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்றால் இனி உன்னை வீட்டில் உட்கார வைக்க முடியாது. கிளாஸ்கோவில் எல்லாரும் நலம், மழைதான் விட்டபாடில்லை. சரி, வாங்கலாமா என்று நீ போட்டோ அனுப்பிக் கேட்ட கார்டன் ஹைலேண்டர்ஸ் (பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்) தொப்பி பேட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே.

மான் தலை, சுற்றி ஐவிக் கொடி, கீழே "பைடாண்ட்" என்ற எழுத்து, எல்லாம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பின்னால் வைத்திருக்கிற டார்ட்டனை, அதாவது அந்த ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியை, பெரிதாக்கிப் பார். கரும்பச்சை, நீலக் கட்டங்களுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையும் ஓடுகிறது அல்லவா, அது மெக்கென்ஸி என்கிற டார்ட்டன், சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ் என்ற இன்னொரு ரெஜிமென்ட் கட்டியது. கார்டனுக்கு மஞ்சள் கோடு. இரண்டுமே பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்காரர்கள் கட்டிய அரசாங்க டார்ட்டனில் கோடு சேர்த்து வந்தவை, அதுவும் போக சீஃபோர்த் பேட்ஜிலும் மான் தலைதான், ஆகவே விற்கிறவர் தெரியாமல் மாற்றி வைத்திருக்கலாம், ஆனால் துணி வைத்த பேட்ஜுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று தெரிந்தேதான் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

துண்டுத் துணிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்டிருந்தாய். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் போர்க்களத்தில் கில்ட் (டார்ட்டனில் தைத்த அந்தப் பாவாடை) கூடாது என்று சொல்லிவிட்டார்கள், 1940-ல் பிரான்சில் கேமரன் ஹைலேண்டர்ஸ் அதைக் கட்டியிருந்ததோடு சரி. எல்லாரும் ஒரே காக்கிக்கு மாறிய பிறகு இன்ன ரெஜிமென்ட் என்று காட்ட டாம் ஓ ஷான்டர் என்கிற தட்டையான கம்பளித் தொப்பியில் இருந்த பேட்ஜும் அதற்கு அடியில் இருந்த டார்ட்டன் சதுரமும்தான் முக்கியமாக மிச்சம். பிளாக் வாட்ச் மட்டும் அந்தத் தொப்பியில் பேட்ஜே வைக்காமல் சிவப்பு இறகுக் குஞ்சத்தோடு திரிந்தார்கள், அவர்களுடைய கர்வம் அப்படி.

மெக்கென்ஸி இருந்தால் சீஃபோர்த்தான் என்றும் முடிவு கட்டாதே, ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரிக்கும் அதே டார்ட்டன்தான். அவர்கள் பேட்ஜில் 1803 அசாயே போருக்காக ஒரு யானை இருக்கும், நம் மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் நிற்பதும் அதே அசாயே யானைதான். என் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது.

இனி அசலா நகலா என்பது. கிரீடத்தைப் பார்த்து வருடம் சொல்கிற வித்தை உனக்குத் தெரியும், 1953-க்கு முன்னால் ராஜா கிரீடம், பிறகு எலிசபெத் ராணி காலம் முழுக்க ராணி கிரீடம். கார்டன் பேட்ஜில் அது உதவாது, அதில் இருப்பது பிரபுவின் சிறு மகுடம், அரசர் மாறினாலும் அது மாறவில்லை. ரெஜிமென்ட்டோ 1994 வரை இருந்தது. அதனால் பின்பக்கம் திருப்பித்தான் பார்க்க வேண்டும். சிப்பாய்களின் பேட்ஜ் தகட்டில் அச்சு அடித்தது, முன்பக்கத்து மான் பின்பக்கம் குழிவாகத் தெரியும். வார்த்தெடுத்த நகல் என்றால் பொடிப்பொடிக் குழிகளும் மழுங்கிய கொம்பும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர்களின் பேட்ஜில் பின்னால் பெரும்பாலும் ஊசி கோத்து மாட்டுகிற செம்புக் கம்பி வளையங்கள் இருக்கும், தொப்பிக்குள்ளே செருகுகிற நீளத் தகடு இருந்தால் சந்தேகப்படு. இதிலும் ஒரு வில்லங்கம், பழைய அச்சையே எடுத்துப் பிற்பாடு அடித்த பேட்ஜ்கள் ஏராளம், உலோகத்தை மட்டும் பார்த்தால் அனுபவசாலியே ஏமாறுவான்.

அங்கேதான் துணி கைகொடுக்கும். வருடக்கணக்கில் பேட்ஜ் மூடியிருந்த இடம் வெளிறாமல் பேட்ஜின் உருவத்திலேயே கருமையாக நிற்கும், வளையம் நுழைந்த ஓட்டைகள் தேய்ந்து விரிந்திருக்கும், ஊசியின் துருக்கறை இருந்தால் இன்னும் நல்லது. புற ஊதா விளக்கில் நூல் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் போருக்குப் பிந்தைய சாயமோ சோப்போ பட்டிருக்கிறது, ஆனால் பழைய துணியை யாராவது இப்போதைய சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும், அதனால் விளக்கை மட்டும் நம்பிவிடாதே. புதுத் துணி மாட்டிய பேட்ஜை விடத் துணியே இல்லாத வெறும் பேட்ஜ் மேல் என்பது என் கட்சி, விலையும் குறைவு.

ஆகவே துணியைக் கழற்றி, பேட்ஜின் பின்புறத்தையும் துணியின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். முடியாது என்றால் விட்டுவிடு. அனுப்பினால் எனக்குத் தள்ளிவிடு, வளையம் சரியாக இருந்தால் வெறும் பேட்ஜ் விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஆகஸ்டில் நீங்கள் இரண்டு பேரும் வருவது உறுதி என்றால் சீக்கிரம் சொல், அபர்தீனில் கார்டன் ஹைலேண்டர்ஸ் மியூசியமே இருக்கிறது, ரயிலில் போய்வரலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்