ரகசியமாகப் படமெடுப்பது நியாயமா என்று கேட்டிருந்தாய்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. உடற்பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

நான் ஏற்றுக்கொண்ட சப்டைட்டில் வேலை பாதி தாண்டிவிட்டது. பண்ணை விலங்குகள் படும் பாட்டை ரகசியக் கேமராவில் பதிவு செய்தவர்களைப் பற்றிய ஆவணப்படம் அது என்று முன்பே எழுதியிருந்தேன். எழுத வேண்டிய வரிகள் குறைவுதான். நெடுநேரம் இயந்திரச் சத்தமும் விலங்குகளின் குரலும் மட்டுமே கேட்கும். இடையில் யாரோ ஒரு தொழிலாளி ஏதாவது சொல்வார். அதைப் பிடிக்க ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் பார்க்கிறவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், எனக்கு அது முடியாது. இரவில் தூக்கம் கெடுகிறது. ஆனாலும் இதை விட மனமில்லை.

நீ வழக்கறிஞன், உன் கேள்வியும் அப்படித்தான் இருந்தது. பொய் சொல்லி வேலையில் சேர்ந்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு, நம்பிச் சேர்த்தவரையே ரகசியமாகப் படமெடுப்பது நியாயமா என்று கேட்டிருந்தாய். நியாயம்தான் என்று நினைக்கிறேன். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன், அப்புறம் நீ சட்டத்தை வைத்து என்னோடு சண்டை போடு.

கலிபோர்னியாவில் சீனோ என்று ஓர் ஊர். அங்கிருந்த ஒரு இறைச்சிக்கூடத்துக்குப் பெரும்பாலும் பால் வற்றிய கறவை மாடுகள்தான் வரும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் அங்கேயே பணியில் இருந்தார்கள். பள்ளி மதிய உணவுக்கு இறைச்சி கொடுத்த நிறுவனம் அது. சிறந்த சப்ளையர் என்று அரசிடமே பெயர் வாங்கியிருந்தது. 2007இன் கடைசி மாதங்களில் ஹ்யூமேன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பின் ஆள் ஒருவர் அங்கே சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். 2008 ஜனவரியில் படம் வெளிவந்தது. எழுந்து நிற்க முடியாமல் விழுந்து கிடக்கும் மாடுகளை ஃபோர்க்லிஃப்டின் முனையால் குத்திப் புரட்டுகிறார்கள். மின்சாரக் கோலால் அதிர்ச்சி கொடுக்கிறார்கள். மூக்கில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஆய்வாளர் பார்க்கிற நேரத்தில் மாடு நான்கு காலில் நின்றாக வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும். நிற்க முடியாத மாட்டுக்குப் பைத்திய மாட்டு நோய் இருக்கக்கூடும் என்பதால் அதை உணவுக்கு அனுப்பக் கூடாது என்று விதி.

அடுத்த மாதமே ஏறத்தாழ 6.5 கோடி கிலோ இறைச்சியைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அந்த நாட்டு வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய இறைச்சித் திரும்பப்பெறல் நடந்ததில்லை. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே சாப்பிட்டு முடிந்திருந்தது என்பது வேறு விஷயம். மார்ச் மாதம் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்த நிறுவனத் தலைவர், அப்படிப்பட்ட மாடு எதுவும் உணவில் கலக்கவில்லை என்றார். அவர் முன்னாலேயே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதன் பிறகு ஒப்புக்கொண்டார். இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். ஆய்வாளர் இருந்தார், தணிக்கை நடந்தது, காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பொய் சொல்லி உள்ளே போன அந்த ஒருவர் இல்லையென்றால் அந்தக் காகிதம்தான் இன்றைக்கும் உண்மையாக நின்றிருக்கும்.

ஆனால் இந்தக் கதையில் என்னை உறுத்துகிற பகுதி இதற்கப்புறம்தான் வருகிறது. ஊரே கொதித்தது எதற்காக என்று பார். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டில் நோய் பிடித்த இறைச்சி இருந்திருக்குமோ என்ற பயம்தான் முதலில் நின்றது, மாட்டின் வலி அதற்குப் பின்னால்தான் வந்தது. நூறு ஆண்டுக்கு முன்னாலும் இதுவே நடந்தது. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1904இல் சிகாகோ இறைச்சி ஆலைகளுக்குள் போய்ப் பார்த்து, அங்கே நசுங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்காக ஒரு நாவல் எழுதினார். அது 1906இல் புத்தகமாக வந்தது. அதே ஆண்டு இறைச்சி ஆய்வுக்கும் உணவுத் தூய்மைக்கும் சட்டங்கள் வந்தன. தொழிலாளிக்கு எதுவும் வரவில்லை. படித்தவர்கள் தங்கள் வயிற்றை நினைத்துத்தான் பதறினார்கள் என்று அவரே வருந்தியிருக்கிறார்.

சீனோவில் நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. ஆய்வாளர் பார்த்த பிறகு விழுந்த மாடுகளை வெட்டலாம் என்று இருந்த விதிவிலக்கையும் 2009இல் நீக்கினார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் சிறைக்குப் போனவர்கள் இரண்டு தொழிலாளர்கள். மாட்டை எழுப்பு என்று யார் சொன்னார்கள், வெட்டும் வரிசை நிற்கக் கூடாது என்று யார் நெருக்கினார்கள் என்ற கேள்வி அவர்களோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. நான் பார்க்கிற காட்சிகளிலும் இதுதான். கேமரா கையைக் காட்டுகிறது, ஏனென்றால் கைதான் அதன் முன்னால் இருக்கிறது. ஆணையிட்டவர் அந்தக் கூடத்துக்குள் வருவதேயில்லை. அடித்தவரை நான் மன்னிக்கவில்லை, கீழே கிடக்கிற உயிரை உதைக்கிறவனுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் ஒரு முரட்டு ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம், விலக்கிவிட்டோம் என்று நிறுவனம் அறிக்கை விட்டு முடிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

முரட்டு ஆள் யாருமே இல்லாத காட்சிகள்தான் என்னை அதிகம் பாதித்தவை. 2009இல் அயோவா மாநிலத்தில் ஒரு பெரிய குஞ்சு பொரிப்பகத்தில் மெர்சி ஃபார் அனிமல்ஸ் என்ற விலங்கு நல அமைப்பு எடுத்தது அப்படியொன்று. அன்றைக்குப் பொரித்த மஞ்சள் குஞ்சுகள் நகரும் பட்டையில் வருகின்றன. தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஆணா பெண்ணா என்று பார்க்கிறார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. முட்டையிடும் இனத்தில் ஆண் குஞ்சு முட்டையும் தராது, கறிக்கோழி மாதிரி வேகமாக வளரவும் செய்யாது. அதனால் அவை உயிரோடு அரவை இயந்திரத்துக்குள் போகின்றன. படம் வெளியானதும் நிறுவனம் இதை மறுக்கவில்லை. இது தொழிலில் வழக்கமான முறை என்றுதான் சொன்னது. சொன்னது உண்மையும்கூட. உலகம் முழுக்க ஆண்டுக்கு 700 கோடி ஆண் குஞ்சுகள் வரை இப்படியோ வாயு செலுத்தியோ கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள்.

உனக்குத் தெரிந்திருக்கும், அமெரிக்காவில் விலங்கு நலனுக்கான கூட்டாட்சிச் சட்டம் உணவுக்காக வளர்க்கும் பண்ணை விலங்குகளைச் சேர்ப்பதில்லை. வெட்டும் முன் வலி தெரியாமல் மயக்க வேண்டும் என்ற 1958ஆம் ஆண்டுச் சட்டம் கோழிக்குப் பொருந்துவதில்லை. அங்கே ஆண்டுக்கு 900 கோடிக்கு மேல் கோழிகள் வெட்டப்படுகின்றன. மாநிலச் சட்டங்கள் பலவற்றில், தொழிலில் வழக்கமாகச் செய்வது எதுவோ அது கொடுமைக் கணக்கில் வராது. அதாவது எல்லாரும் செய்தால் அது குற்றமில்லை. இப்படி ஒரு விதி இருக்கும்போது, குற்றம் நடக்கிறதா என்று மட்டும் தேடுகிற கேமரா பாதியைத்தான் பார்க்கும். வழக்கமான ஒரு நாளைக் காட்டுகிற படம்தான் வேண்டும். அப்படிப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறுகிறது. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. பிரான்சும் அதே வழியில் போனது.

இனி நீ எதிர்பார்க்கிற சட்ட விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2012இல் ஒரு பால் பண்ணையின் ரகசியப் படம் வெளியானது. பதிலுக்கு 2014இல் ஒரு சட்டம் வந்தது. பண்ணைக்குள் அனுமதியில்லாமல் படமெடுத்தால் ஓராண்டு வரை சிறை. விலங்கை வதைத்தவருக்கு முதல் முறை என்றால் ஆறு மாதம்தான் உச்சம்! வதைத்ததைவிட வதைத்ததைக் காட்டியது பெரிய குற்றம் என்று ஒரு சட்டமன்றம் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறது. 2015இல் கூட்டாட்சி நீதிபதி அதை ரத்து செய்தார். இந்தச் சட்டம் இருந்திருந்தால் சின்க்ளேர் செய்த மாதிரி ஆலைக்குள் போய்ப் பார்ப்பதும் குற்றமாகியிருக்கும் என்று தீர்ப்பிலேயே அவரை இழுத்தார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீ கேட்ட கேள்வியைத்தான் இரண்டாகப் பிரித்தது. படமெடுக்கத் தடையும், பொய் சொல்லி உள்ளே நுழைவதே குற்றம் என்பதும் செல்லாது. ஆனால் முதலாளிக்கு நஷ்டம் உண்டாக்கும் நோக்கத்தோடு பொய் சொல்லி வேலை வாங்குவது குற்றம் என்ற பகுதி நிற்கும். உண்மையைக் காட்டியதால் வருகிற நஷ்டமும் இதில் சேருமா? எனக்குப் புரியவில்லை, நீதான் விளக்க வேண்டும்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. மிசௌரி மாநிலத்தில் 2012 முதல், பண்ணையில் வேலை செய்கிறவர் கொடுமையைப் பதிவு செய்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்க நல்லதுதானே என்று தோன்றும். முதல் நாளே ஒப்படைத்தால் ஆளை அடையாளம் கண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு மட்டும் நடந்த தவறு என்று வழக்கும் முடிந்துவிடும். வாரக்கணக்கில் பார்த்தால்தான் இது தினமும் நடக்கிறது என்று நிரூபிக்க முடியும். கொலராடோவில் 2013இல் கன்றுகள் வதைக்கப்படுவதைப் படமெடுத்த பெண் மீதே, சீக்கிரம் புகார் கொடுக்கவில்லை என்று விலங்கு வதை வழக்குப் போட்டார்கள். பிறகு கைவிட்டார்கள். ஆனால் வழக்கு போட்ட வேகமே போதும், அடுத்தவர் யோசிப்பார்.

ஜெர்மனியில் 2013இல் பூட்டிய பன்றிப் பண்ணைக்குள் நுழைந்து படமெடுத்த ஆர்வலர்களை மூன்று நீதிமன்றங்கள் விடுவித்தன. கடைசித் தீர்ப்பு 2018இல் வந்தது. ஆதாரம் இல்லாமல் அதிகாரிகள் அசைய மாட்டார்கள் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது, ஆபத்தைத் தடுக்கச் செய்தது என்று ஏற்றுக்கொண்டார்கள். நீ இதைப் படித்தால் ரசிப்பாய்.

ரகசியமாகப் படமெடுக்க வேலையில் சேர்கிறவர்களின் மனநிலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானில் கேமரா. மற்றவர் செய்கிற அதே வேலை, அதே கூலி, அதே முதுகுவலி. கண் முன்னால் ஒரு கன்றை உதைத்தாலும் தடுத்தால் மாட்டிக்கொள்ள நேரும், சும்மா நின்றால் மனசு கேட்காது. பக்கத்தில் வேலை செய்கிறவரோடு சாப்பாடு பகிர்ந்திருப்பார்கள், நாளைக்கு அவர் மீதே வழக்கு வரும். வெளியே வந்த பிறகும் பெயர் சொல்ல முடியாது.

ஆளை உள்ளே அனுப்பாமலும் சில நேரம் உண்மை வருகிறது. 2017 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போன ஒரு கப்பலில் ஏறத்தாழ 2,400 செம்மறிகள் வெப்பத்தில் செத்தன. அந்தக் கப்பலில் பயிற்சியில் இருந்த பாகிஸ்தான் இளைஞர் ஒருவர் எடுத்து வைத்திருந்த படங்கள் அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் வந்தன. கடல் வழியாக உயிருள்ள செம்மறிகளை அனுப்புவதை 2028 மே 1 முதல் நிறுத்த ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றியது. வேலையை இழக்கத் துணிந்த ஒரு இளைஞர் தொடங்கி வைத்தது இது. இங்கிலாந்தில் 2018 முதல் இறைச்சிக்கூடங்களில் விலங்கு உயிரோடு இருக்கும் எல்லா இடத்திலும் சிசிடிவி கட்டாயம், பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் வெளியான ரகசியப் படங்கள் இல்லாமல் அது வந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் கேமரா ஓடினால் போதுமா, யாராவது பார்க்க வேண்டுமே.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. நான் வேலை செய்கிற படத்தில் சில இடங்களில் சோக இசையை ஏற்றியிருக்கிறார்கள், தேதியும் இடமும் போடவில்லை. இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தேன். வெட்டாத முழுப் பதிவும் எங்கே, எப்போது எடுத்தது என்ற விவரமும் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும், எதிர்த் தரப்பு சிறு ஓட்டையைக்கூட விடாது என்றேன். தேதி போட ஒப்புக்கொண்டார், இசையில் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார்.

உன்னிடம் ஒரு உதவி. தொழிலாளி செய்த வதைக்கு, வேலையின் வேகத்தை முடிவு செய்த நிர்வாகத்தையும் குற்றவாளியாக்கும் பிரிவு எந்த நாட்டுச் சட்டத்திலாவது தெளிவாக இருக்கிறதா? இருந்தால், அதில் யாராவது உண்மையிலேயே தண்டனை பெற்றிருக்கிறார்களா? படத்தின் கடைசிப் பகுதிக்கு இயக்குநர் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். கால் வலிக்காத நேரமாகப் பார்த்துத் தேடி எழுது.

அன்புடன்,
உன் நண்பன்