வெட்டாதே என்றால் ஏன் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானப் பராமரிப்புத் தொழிலை இந்தியாவில் வளர்ப்பது பற்றி வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். 2024 ஜூலையில் விமான உதிரிபாகங்களுக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரி ஒரே சீராக 5 சதவீதம் ஆனது, விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் புதிய ஹேங்கர்கள், வேலைவாய்ப்பு என்று நிறைய எழுதுகிறார்கள். அந்த ஹேங்கரில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பவனின் கைக்கு வரும் ரிப்பேர் தாளில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. 31 வருஷம் ஷீட் மெட்டல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விமானத்தின் உடலில் சின்ன அடி என்றால் தயாரிப்பாளரின் ரிப்பேர் கையேட்டிலேயே வழி இருக்கும். அதில் அடங்காத சேதத்துக்குத் தனியாக டிராயிங் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தத் தகடு, என்ன கனம், எத்தனை வரிசை ரிவெட், பிறகு எத்தனை பறப்புக்கு ஒருமுறை சோதிப்பது எல்லாம் அதில் வரும். ரிப்பேர் தாள் என்று நான் சொல்வது இதைத்தான். புதிதாக ஓர் ஆன்டெனா பொருத்துவது போன்ற மாற்றங்களுக்கும் இப்படித்தான். ஒப்புதல் யார் தருவது என்பதற்கு, விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி இருக்கிறது. தாளை எப்படி எழுதுவது என்பதற்கு, தொழிலில் இருப்பவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பொது வழிகாட்டி தயாரிக்க வேண்டும் என்கிறேன்.

1978 ஜூன் 2 அன்று ஜப்பானின் இடாமி விமான நிலையத்தில் ஒரு போயிங் 747 வால் தரையில் உரசி இறங்கியது. கேபின் காற்றைப் பின்பக்கம் தாங்கி நிற்கும் குடை வடிவச் சுவரின் கீழ்ப்பாதியை மாற்றினார்கள். பழைய பாதியும் புதிய பாதியும் சேரும் ஓரிடத்தில் ரிவெட் துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே இடம் போதவில்லை. அதற்காக இடையில் ஒரே துண்டாக இணைப்புத் தகடு வைக்கச் சொன்னது டிராயிங். வேலையில் அது இரண்டு துண்டாகப் போயிற்று. இரண்டு வரிசை ரிவெட் சுமக்க வேண்டியதை ஒரே வரிசை சுமந்தது. 12,318 பறப்புகள் தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் கிழிந்து, 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். ரிப்பேர் செய்தது வேறு யாருமல்ல, விமானத்தைத் தயாரித்த போயிங்கின் ஆட்களே. தகட்டை வெட்டியவர் கெட்ட எண்ணத்தோடு வெட்டியிருக்க மாட்டார். ஒரே துண்டாக இருப்பதில்தான் உயிர் இருக்கிறது என்று அவர் கையிலிருந்த தாள் உரக்கச் சொல்லியிருந்தால் வெட்டியிருப்பாரா என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன்.

2002-இல் தைவான் நீரிணையின் மேல் உடைந்த சைனா ஏர்லைன்ஸ் விமானமும் 747 தான். 1980-இல் ஹாங்காங்கில் வால் உரசியது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே டப்ளர் எனும் ஒட்டுத் தகடு போட்டார்கள். அதன் அடியில் விரிசல் வளர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. 22 வருஷம் கழித்து 225 உயிர்கள் போயின.

என் அனுபவம் இவ்வளவு பெரிதல்ல. தொண்ணூறுகளில் ஒரு ராத்திரி, சாமான் ஏற்றும் வண்டி மோதி ஒரு விமானத்தின் கார்கோ கதவு ஓரம் கிழிந்திருந்தது. வெளிநாட்டு வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து டிராயிங் ஃபேக்ஸில் வந்தது. அளந்து பார்த்தால் இரண்டு துளைகள் ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டரில் விழுந்தன. 4 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 8 ஆவது வேண்டும் என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. காலை 5.40-க்கு விமானம் கிளம்ப வேண்டும். துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு முடி என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடும் பெரியவர் என் கையிலிருந்த டிரில்லை வாங்கி வைத்துவிட்டார். “தம்பி, துளை போட்டப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்? முதல்ல கேளு” என்றார்.

கேட்டோம். விமானம் கிளம்பவில்லை, வசவு நிறைய வாங்கினோம். மறுநாள் மதியம் புது டிராயிங் வந்தது. துளையைத் தள்ளும் வேலையே இல்லை, டப்ளரே நீளமாகி இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வரி: கதவுச் சட்டத்தின் சுமை இந்த வரிசை வழியாகப் போகிறது, துளை இடைவெளியை மாற்றாதீர்கள். காரணத்தையும் சேர்த்துச் சொன்ன ரிப்பேர் தாளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று விமானக் கையேடுகளுக்கென எளிய ஆங்கிலம் ஒன்றை 1980-களிலேயே வகுத்துவிட்டார்கள். தனி ரிப்பேர் தாள்களில் அந்த அக்கறையை நான் கண்டதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படிப்பவன் பெரும்பாலும் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பையன்.

ஆகவே வழிகாட்டி எழுதும்போது டி.ஜி.சி.ஏ.வும் விமான நிறுவனங்களும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற கல்லூரிகளும் மட்டும் உட்காராமல், ரிவெட் அடிப்பவர்களையும் கூப்பிடுங்கள். எதை மாற்றவே கூடாது, ஏன் என்பது ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். அளவு பொருந்தவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு யாரைக் கேட்பது என்பதும் இருக்கட்டும். அப்படி நிறுத்தியவனைத் திட்டக்கூடாது என்பதையும் எழுத்தில் சேருங்கள். விமானம் கை மாறினால் அந்த ரிப்பேர் தாளும் கூடவே போக வேண்டும்.

மாஸ்டர் இப்போது இல்லை. அந்த ஃபேக்ஸில் வந்த வரியை என் குறிப்பேட்டில் அன்றே எழுதி வைத்தேன். அப்படி ஒரு குழு அமைந்தால் அந்தக் குறிப்பேட்டோடு வர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான ஷீட் மெட்டல் தொழிலாளி,
பம்மல், சென்னை