ஸ்கேன் ஃபிலிமும் பாடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன மாசம் எங்க அம்மைக்கு வயித்துவலின்னு நாகர்கோவில்ல சிடி ஸ்கேன் எடுத்தோம், வீட்டுக்கு வந்து ஃபிலிம ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா கல்லீரல் படத்துல இடது பக்கம் கெடக்கு, எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிட்டு. மறுநாள் ஸ்கேன் எடுத்த பிள்ளட்ட கேட்டதுக்கு பொறுமையா சொல்லிச்சு, மல்லாந்து படுத்திருக்கவங்க கால்மாட்டுல நின்னு பாக்குற மாதிரிதான் படம் வரும், அதனால அவங்க வலது நமக்கு இடது.

பிளஸ் டூ உயிரியல்ல நான் படம் வரைஞ்சு பாகம் குறிச்சதெல்லாம் ஓர்மை இருக்கு, ஆனா அதெல்லாம் முன்னால நின்னு பாத்த உடம்பு. சிடி-ங்கது நேந்திரங்காய சிப்ஸுக்கு வட்டமா சீவுற மாதிரி குறுக்கால வெட்டிக் காட்டுது, எந்த உறுப்புக்கு பின்னால எது இருக்குன்னு தெரியாட்டா ஒண்ணும் புரியாது. 1895ல ரான்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிக்கதுக்கு முன்ன உடம்புக்குள்ள பாக்கணும்னா பெரும்பாலும் அறுக்கத்தான் வேணும். இப்போ உயிரோட இருக்கவங்க உடம்பையே பாக்கலாம், எலும்பு வெள்ளையா, காத்து நெறஞ்ச நுரையீரல் கருப்பா.

நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு வீடு பழைய எக்ஸ்ரே கவர் பீரோ மேல கெடக்கும். சம்மதம் வாங்கி, பேர மறைச்சு, பள்ளிக்கூட லேப்ல ஒரு லைட் முன்னால மாட்டி வைங்க. வர்மம் படிக்க பிள்ளைங்களுக்கும் காட்டணும்.

ஒரு வாசகி, தக்கலை