கேசட் பத்திரமா, சண்முகம்?

குரோய்டன்
அக்டோபர் 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு என் முழங்கால் ஒரு காரணம், பேரன் இன்னொரு காரணம். அம்மா காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நான் அங்கே இல்லாமல் போனது உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் உன்னோடு பேசியபோது வேறெதுவும் வாயில் வராமல் "சாப்பிட்டியாடா" என்று கேட்டேன் பார், வைத்த பிறகுதான் உறைத்தது. அது உன் அம்மா நம்மிடம் கேட்கிற கேள்வி.

இங்கே ஒரே மழை. நம் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே கிடக்கும். மகளுக்கு இரவு ஷிப்ட். மாப்பிள்ளை காலையில் போனால் ராத்திரிதான். பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது என் உத்தியோகம். நாளெல்லாம் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய். டிவி பார்க்கிறேன். அதுவும் 1967ல் ஒளிபரப்பான கறுப்பு வெள்ளைத் தொடர்.

பேரனுக்கு 'டாக்டர் ஹூ' என்றால் உயிர். பிபிசி இதை 1963 நவம்பர் 23ல் ஆரம்பித்தது, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். நாயகன் வேறு கிரகத்து ஆள். பெயர் கிடையாது, எல்லோரும் டாக்டர் என்பார்கள். நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றுதான் அவர் வாகனம். வெளியே ஒரு ஆள் நிற்கிற அளவு, உள்ளே மண்டபம். அதில் ஏறிக் காலத்தில் முன்னாலும் போவார், பின்னாலும் போவார். 1966ல் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போனதும், தொடரை மூடாமல் டாக்டருக்கு உடம்பே மாறிவிடும் என்று எழுதிவிட்டார்கள். கூடு விட்டுக் கூடு பாய்கிற கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே கூடே வேறாகிவிடுகிறது. அப்படி வந்த இரண்டாவது டாக்டர் பேட்ரிக் ட்ரவுட்டன். கலைந்த தலை, தொளதொளக் கால்சட்டை, பார்த்தால் கோமாளி. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தால் கோமாளி என்று சொல்ல மாட்டாய்.

பேரனுக்குப் புதிய கலர் டாக்டர்கள்தான் பிடிக்கும். எனக்கு இந்த மனிதர் பிடித்துப்போனார். ஐந்தாவது சீசனை முதலிலிருந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 1967 செப்டம்பர் 2 முதல் 1968 ஜூன் 1 வரை சனிக்கிழமைதோறும் வந்தது. ஏழு கதை, நாற்பது எபிசோடு. முதல் கதை நாலு எபிசோடும் ஓடியது. இரண்டாவது கதையில் ஒரே ஒரு எபிசோடுதான். "மிச்சம் எங்கேடா?" என்றேன். "அதெல்லாம் இல்லை தாத்தா, பிபிசியே அழித்துவிட்டது" என்றான், ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி.

நாற்பதில் இருபத்திரண்டுதான் மிச்சம். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் காலத்து வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், நல்ல விலை. ஒளிபரப்பியதும் அழித்து, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு வேறு. வெளிநாட்டுக்கு விற்க 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். விற்பனைக் காலம் முடிந்ததும் அதையும் தூக்கிப்போட்டார்கள். 1978ல்தான் இந்தக் காரியம் நின்றது.

நானும் இதைத்தானே செய்தேன், சண்முகம். நம் டிவி நிலையத்தின் டேப் லைப்ரரியில் அந்தப் பதினோரு வருஷம்! டேப் தட்டுப்பாடு, இந்தப் பட்டியலில் உள்ளதை அழித்துக்கொடு என்று மேலேயிருந்து தாள் வரும். நான் யூமேட்டிக் வீடியோ கேசட்டை ஒவ்வொன்றாக, பதிவை அழிக்கிற அந்தக் காந்த மேஜையில் வைத்து எடுப்பேன். ஒரு 'ம்ம்' சத்தம், அவ்வளவுதான். நாம் இருவரும் கூடவே போய்ப் படம் பிடித்த அந்தத் தோல்பாவைக் கூத்தும் அப்படித்தான் போனது. கூத்துக்காரர் அடுத்த வருஷமே இறந்துவிட்டார். அவர் மகன் பிரதி கேட்டு வந்தபோது நான் சாப்பிடப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் கதையில் சைபர்மேன்களின் கல்லறையைத் தோண்டுகிறார்கள். மனிதர்களாய்ப் பிறந்து, உறுப்பு உறுப்பாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் உணர்ச்சி என்பதே இல்லாமல் போனவர்கள் சைபர்மேன்கள். இந்தக் கற்பனையைக் கொடுத்தவர்களில் ஒருவரான கிட் பெட்லர் நிஜமான மருத்துவ ஆராய்ச்சியாளர். இந்தக் கதையும் தொலைந்துபோனது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1991 கடைசியில் ஹாங்காங்கிலிருந்து நாலு ஃபிலிமும் முழுசாகக் கிடைத்தது. பனி மூடிய அறைகளைக் கிழித்துக்கொண்டு அந்த வெள்ளி உருவங்கள் வெளியே வருகிற காட்சியைப் பார்த்து எனக்கே முதுகு சில்லிட்டது. குறையும் இருக்கிறது. ஆளைத் தூக்கும்போது கம்பி தெரிகிறது. கறுப்பு நடிகருக்குப் பேசாத பலசாலி வேலைக்காரன் வேஷம். அடுத்த கதையில் திபெத் பிட்சுகளாக வெள்ளைக்காரர்கள் அங்கி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இமயமலைக்குப் பதில் வேல்ஸ் நாட்டு மலை. அந்தக் கல்லறைக் கதையில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது கதையில் பூமி பனியில் உறைகிறது. செடிகொடிகளை ஒழித்துக் கரியமில வாயு குறைந்துபோனதால் வந்த பனியுகமாம். நாம் இப்போது பயப்படுவதற்கு நேர் எதிர்! இதன் ஆறு எபிசோடில் நாலு, 1988ல் பிபிசியின் விற்பனைப் பிரிவு கட்டடம் மாறியபோது அங்கேயே கிடைத்தன. நம் லைப்ரரியை மாடிக்கு மாற்றினபோது அலமாரிக்குப் பின்னால் என்னவெல்லாம் கிடைத்தது, ஞாபகமிருக்கிறதா?

நாலாவது கதை உனக்காகவே எடுத்தது. இரட்டை வேடம்! டாக்டரும் ட்ரவுட்டன்தான், உலகத்தையே வளைத்துப்போடப் பார்க்கும் சாலமாண்டர் என்கிற மெக்சிகோக்காரனும் ட்ரவுட்டன்தான். கதை நடப்பது 2018ல். நாம் தாண்டி வந்துவிட்ட எதிர்காலம். வில்லன் சில பேரைப் பூமிக்கடியில் அடைத்து, மேலே அணுயுத்தம் நடக்கிறது என்று வருஷக்கணக்கில் நம்பவைத்து, அவர்களை வைத்தே மேலே எரிமலையையும் பூகம்பத்தையும் உண்டாக்குகிறான். நம் படங்களில் இரண்டு வேஷமும் எப்போது எதிரெதிரே நிற்கும் என்று விசிலடிக்கக் காத்திருப்போமே, இங்கே கடைசி எபிசோடு முடிகிற நேரம் வரை அதைத் தர மாட்டேன் என்கிறார்கள். அதிலும் சில விநாடிதான்.

இந்தக் கதையில் வெகுகாலம் மிஞ்சியிருந்தது மூன்றாவது எபிசோடு மட்டும். பாதி நேரம் சமையலறை, புலம்பிக்கொண்டேயிருக்கும் ஒரு சமையல்காரர். அதை வைத்து முழுக்கதையும் மட்டம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். பிலிப் மாரிஸ் என்பவர் நைஜீரியாவில் ஜோஸ் ஊரிலிருந்த தொலைக்காட்சி நிலையத்தில் மிச்ச ஐந்தையும் கண்டெடுத்த செய்தி 2013ல் வெளியானது. முழுசாகப் பார்த்த பிறகுதான் இது சீசனின் நல்ல கதைகளில் ஒன்று என்று பேச்சு மாறியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் சோற்றுக்குத்தான் சரி போலிருக்கிறது.

அடுத்த கதையின் ஆறு எபிசோடில் முதலாவது மட்டும் ஏற்கெனவே இருந்தது, அதே இடத்தில் இன்னும் நாலு கிடைத்தது. லண்டன் சுரங்க ரயில் பாதையில் யெட்டிகள், அதாவது பனிமனிதர்கள், நடமாடுகிற கதை. செட்டைப் பார்த்து, எங்களைக் கேட்காமல் எப்படிச் சுரங்கத்தில் படம் எடுத்தீர்கள் என்று ரயில்வேக்காரர்களே சண்டைக்கு வந்ததாக இங்கே ஒரு பேச்சு உண்டு. பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. வெற்றுப் பிளாட்பாரம், பாதியில் நிற்கும் எஸ்கலேட்டர், டார்ச் வெளிச்சத்தில் ராணுவக்காரர்கள். கதையில் ராணுவத்தின் முகாம் கூட்ஜ் தெரு நிலையத்தின் அடியில் இருக்கிறது. அது முழுக் கற்பனையில்லை. அங்கே நிஜமாகவே இரண்டாம் உலகப்போரில் தோண்டிய ஆழமான பதுங்கிடம் இருக்கிறது, அமெரிக்கத் தளபதி ஐசனோவரின் தலைமையகம் அதைப் பயன்படுத்தியது. போன செவ்வாய்க்கிழமை மகளிடம் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் வட்டமாய் ஒரு கான்கிரீட் கட்டடம், அவ்வளவுதான். வாயில் ரொட்டியோடு ஒரு பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறான். முழங்கால் வலி அன்றைக்குத்தான் அதிகமாயிற்று, மகளிடம் சொல்லிவிடாதே.

இதில் மூன்றாவது எபிசோடு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஜோஸில் முதலில் பார்த்தபோது அதுவும் இருந்தது, வந்து சேர்வதற்குள் காணாமல் போய்விட்டது என்கிறார் மாரிஸ். பிற்பாடு தொடரிலேயே பெரிய பேர் வாங்கிய லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி முதன்முதலாக முகம் காட்டுவது அந்த எபிசோடில்தான். போயும் போயும் அதுவா தொலைய வேண்டும்?

ஆறாவது கதை கடலுக்கடியிலிருந்து வரும் ஒரு பாசியைப் பற்றியது. எரிவாயுக் குழாய்க்குள் இதயம் துடிக்கிற மாதிரி சத்தம். இதில் ஒரு எபிசோடுகூட இல்லை. ஆனால் சில துண்டுகள் இருக்கின்றன. எப்படி என்று கேள். ஆஸ்திரேலியாவில் தணிக்கைக்காரர்கள், பிள்ளைகள் பயந்துவிடும் என்று சில காட்சிகளை வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளை ஒழுங்காகப் பதிவுபோட்டு ஆவணக்காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். 1996ல் அவை கிடைத்தன. இரண்டு பேர் ஒரு பெண்ணைப் பார்த்து வாயைப் பிளந்து நச்சுக்காற்றை ஊதுகிறார்கள். பார்க்கக்கூடாது என்று வெட்டியது மட்டும் தப்பிவிட்டது! பேரன் வைத்திருக்கும் ஸோனிக் ஸ்க்ரூடிரைவர் பொம்மை இருக்கிறதே, டாக்டர் கையில் வைத்திருக்கும் அந்தக் கருவி முதன்முதல் தலைகாட்டியதும் இந்தக் கதையில்தான். அப்போது அது நிஜமாகவே திருகாணி கழற்றத்தான் உதவியது.

ஏழாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறில் இரண்டுதான் மிச்சம். முடிவு மட்டும் ரசித்தேன். புதிதாய்ச் சேரும் பெண்ணிடம், என்னோடு வந்தால் என்னென்ன பார்க்க வேண்டியிருக்கும் தெரியுமா என்று டாக்டர் தன் நினைவிலிருந்தே ஒரு பழைய கதையைப் படமாய்க் காட்டுகிறார். அந்தக் கோடையில் அந்தப் பழைய கதையையே மறுஒளிபரப்புச் செய்துவிட்டார்கள். அந்தத் தந்திரம் நம் நிலையத்தில் யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

இப்போது அந்தச் சின்னக் காட்சி. விக்டோரியா என்று ஒரு பெண். 1866ஆம் வருஷத்திலிருந்து வந்தவள். போன கதையில்தான் அப்பாவைப் பறிகொடுத்தாள். கல்லறையில் எல்லோரும் தூங்குகிறார்கள், இவள் விழித்திருக்கிறாள். டாக்டர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். நானூற்றைம்பது வயது மனிதர். கண்ணை மூடினால் அப்பா தெரிகிறார் என்கிறாள். உங்கள் குடும்பம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாள். வேண்டும் என்று நினைத்தால் கண்முன் கொண்டுவருவேன், மற்ற நேரம் அவர்கள் மனசுக்குள் தூங்குவார்கள், நான் மறந்திருப்பேன் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்கிறார். சமாதானம் சொல்கிற தோரணையே இல்லை. ஒன்றிரண்டு நிமிஷம்தான். நான் நிறுத்தி மறுபடி போட்டேன். பேரன் "தாத்தா, இதில் சண்டையே இல்லையே" என்றான்.

இன்னொன்று. படம் தொலைந்த எபிசோடுகளுக்கெல்லாம் ஒலி மட்டும் இருக்கிறது. நிலையம் வைத்ததில்லை. அந்தக் காலத்துப் பையன்கள் வீட்டில் டிவிப் பெட்டி பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவுசெய்தது. அதைக் கேட்டுத்தான் இப்போது அனிமேஷன் படமாக வரைகிறார்கள். இதைப் படித்ததும் உன் டூ-இன்-ஒன் ஞாபகம் வந்தது. தோல்பாவைக் கூத்து ஒளிபரப்பான அன்றைக்கு நான் ட்யூட்டியில் இருந்தேன். நீ வீட்டில் டிவி முன்னால் அதை வைத்துப் பதிவுசெய்ததாகவும், நடுவில் உன் அம்மா "ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு, சாப்பிட வாடா" என்று சத்தம் போட்டதும் அதில் விழுந்து கெட்டுப்போனதாகவும் மறுநாள் டீக்கடையில் திட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கேசட் இருக்கிறதா? இருந்தால் எந்தப் பெட்டியிலும் போட்டுப் பார்க்காதே. பழைய நாடா, சிக்கிக்கொண்டால் அறுந்துவிடும். தபாலிலும் அனுப்பாதே. தை பிறந்ததும் நான் ஊருக்கு வருகிறேன். ஹெட்டைத் துடைத்துச் சரியாக ஓட்டத் தெரிந்த ஒரு பையன் எனக்குப் பழக்கம். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்போம். கூத்துக்காரரின் மகன் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து வை.

மல்லிகாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் நண்பன்
கணேசன்