மாத்திரை அனுப்பட்டுமா என்று நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு,

அம்மாவின் பார்க்கின்சன் நோய்க்குக் கோஎன்சைம் கியூ10 (செல்களின் ஆற்றல் உற்பத்திக்கு உதவும் ஒரு பொருள்) மாத்திரை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அது செல்லுக்குள் ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலுவூட்டி நரம்பணுக்களைக் காக்கும் என்று நீ படித்தது அடிப்படையில்லாத பேச்சு அன்று. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். காரணத்தைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாது என்பதால் எழுதுகிறேன்.

உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் ஓய்ந்திருக்கும்போது கூட உடலுக்குச் செல்லும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அதைக் கொண்டு, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறை ஆக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியாதான். ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று இதை முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நரம்பணு வாழ்வதா மடிவதா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்பதன் கனம், அம்மாவின் நோயைப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு உறைத்தது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே ஆற்றல் உற்பத்திக்கு உதவும் சைட்டோகுரோம் சி என்ற புரதம், வெளியே கசிந்துவிட்டால் காஸ்பேஸ் நொதிகளைத் தூண்டிச் செல்லை உள்ளிருந்தே துண்டாடச் செய்கிறது என்பதைச் உயிர்வேதியியலாளர் சியாவோடோங் வாங்கின் ஆய்வுக்கூடம் 1996-இல் காட்டியது. இடம் மாறியதைத் தவிர அந்தப் புரதத்தில் வேறு மாற்றம் இல்லை என்பதை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

அம்மாவிடம் மடிந்துகொண்டிருப்பவை நடுமூளையில், உடல் அசைவைச் சீராக்க உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள். அவை ஓய்வின்றித் தாமாகவே மின்துடிப்பு எழுப்புபவை. துடிக்கும்தோறும் கால்சியம் உள்ளே வருகிறது. அதை வெளியேற்றவும், எண்ணற்ற கிளைகளாக விரிந்த இழைகளைப் பேணவும் இடைவிடாமல் ஆற்றல் வேண்டும். 1982-இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைவற்று உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள் மூளையில் நஞ்சாக மாறி, இதே நரம்பணுக்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தித் தொடரில் முதலாவதான புரதக் கூட்டமைப்பை முடக்கியது என்பது பின்னர் தெரிந்தது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளமிட்டு அகற்றும் பிங்க்1, பார்க்கின் ஆகிய புரதங்களின் மரபணுக்கள் கெட்டாலும், இளவயதிலேயே இந்நோய் வருகிறது.

ஆகவே மைட்டோகாண்ட்ரியாவைக் காத்தால் நரம்பணுவைக் காக்கலாம் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் நாளொன்றுக்கு 1200, 2400 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவுகளில் கியூ10 கொடுத்து 600 நோயாளிகளிடம் நடத்திய சோதனை, பயன் தெரியாததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2014-இல் வெளியானது. நோய் கண்டறியப்படும் வேளையில் கணிசமான நரம்பணுக்கள் ஏற்கெனவே போயிருக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

காலம் தவறாதபோது பாதுகாப்பு பலித்ததும் உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளைச் செல்களில் ஆற்றல் ஒருமுறை மீண்டு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் சரிகிறது; அந்த இடைவெளிக்குள், அதாவது 6 மணி நேரத்திற்குள், உடலைச் சுமார் 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருந்தால், இறப்பும் ஊனமும் குறைகின்றன. அம்மாவின் நோயில் அப்படியொரு தெளிவான இடைவெளி இன்னும் நம் கைக்கு அகப்படவில்லை.

மருத்துவர் தந்த மருந்துகளை அம்மா தவறாமல் எடுத்துக்கொள்கிறாள். வாரம் மூன்று நாள், மூச்சு வாங்கும் அளவுக்கு நடை இயந்திரத்தில் நடக்கிறாள்; உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகள் எனக்கு மாத்திரையைவிட அதிக நம்பிக்கை தருகின்றன. பத்து நிமிடம் ஆனதும் அலுத்து இறங்கிவிடப் பார்க்கிறாள். மாலை ஆறு மணிக்கு நீ அழைத்துப் பேசினால், அரை மணி நேரம் நடந்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா