டெல்டாவில் கம்பளிக் காலுறை

திருபுவனம் அருகே,
மாசி மாதம்.

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. கோத்தகிரியில் விடிந்து வெகுநேரம் ஆகியும் போர்வையை விட்டு வெளியே வர மனம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே சம்பா அறுவடை முடிந்துவிட்டது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெற்பயிருக்குள் தெளித்த உளுந்து, அறுத்த நெல் தாளுக்கு இடையில் பச்சையாகத் தலைகாட்டுகிறது. விடியற்காலைப் பனி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடுகிறது.

இந்த ஊர் வெயிலில் யாருக்காகக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். அண்ணனும் அதையேதான் கேட்கிறார். உனக்காவது விரிவாகப் பதில் எழுத வேண்டும்.

முதலில் அப்பாவுக்காக. அவருக்குச் சர்க்கரை நோய் என்பது உனக்குத் தெரியும். இப்போது பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. செருப்புக்குள் சிறு கல் கிடந்தாலும் தெரியாமல் அதன்மேலேயே நடந்துவிடுகிறார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, கெண்டைக்காலை இறுக்கும் எலாஸ்டிக் ஆகாது, விரல் நுனியில் தடித்த தையல் இருக்கக் கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் வாங்கிய ஜோடி மேலே இறுக்கியது, நுனியில் உறுத்தியது. அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன். சந்தன நிறத்தில் பின்னுகிறேன். வெளிர் நிறமாக இருந்தால், காலில் புண் வந்து கசிந்தாலும் கறை உடனே கண்ணில் பட்டுவிடும்.

நூலைப் பற்றி நிறைய யோசித்தேன். நம் ஊருக்குப் பருத்திதானே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் பருத்தி இழுத்தால் நீளும், பழையபடி சுருங்காது. மத்தியானத்துக்குள் தொளதொளத்துக் கணுக்காலில் வந்து விழும். ஆகவே கம்பளி 75 சதவீதமும் நைலான் 25 சதவீதமும் கலந்த மெல்லிய நூலைத் தபாலில் வரவழைத்தேன். 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கிறது, ஒரு ஜோடிக்குப் போதும். கம்பளி வியர்வையை உறிஞ்சிக்கொள்கிறது. குதிகால் தேய்ந்துபோகாமல் நைலான் காக்கிறது. மெல்லியதாக இருந்தால் நம் பக்கத்துக்கும் கம்பளி ஒத்துவருகிறது என்பதை அப்பாவின் கால்தான் எனக்குச் சொன்னது.

இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில் 64 கண்ணி, அதாவது 64 நூல் வளையம். நான்கு ஊசியில் பிரித்து வைத்து, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். தையல் டீச்சர் நமக்கு சைக்கிள் சக்கரக் கம்பியைத் தரையில் தேய்த்துக் கூராக்கிக் கொடுத்தாரே, அந்தக் கம்பியும் ஏறக்குறைய இதே பருமன்தான். அதில் பழகிய விரலுக்கு இந்த ஊசி எம்மாத்திரம்!

காலுறையில் எனக்கு உயிர் குதிகால்தான். அதுவரைக்கும் நேராக இறங்கி வந்த குழாயை நிறுத்திவிட்டு, பாதிக் கண்ணிகளை, அதாவது 32-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். ஒன்றைப் பின்னி ஒன்றைப் பின்னாமல் தள்ளிக்கொண்டே போனால் துணி இரட்டைத் தடிமனாகிறது. சதுரம் முடிந்ததும் நடுவைச் சற்றுத் தாண்டியதும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கித் திரும்ப வேண்டும். மறுபக்கத்திலும் அப்படியே, ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் கூடுதல் தூரம் போய்த் திரும்ப வேண்டும். தட்டையாகக் கிடந்த துணி கையிலேயே குழிந்துகொண்டு வரும். பிறகு ஓரங்களில் புதிய கண்ணிகளை எடுத்து, கூடிப்போனதைச் சுற்றுக்குச் சுற்று குறைத்து மறுபடியும் 64-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வெட்டும் இல்லாமல், ஒட்டும் இல்லாமல், ஒரே இழை மூலை திரும்பிவிடுகிறது. எத்தனை ஜோடி பின்னினாலும் அந்த இடம் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

இயந்திரம் ஒரு நொடியில் செய்வதை நீ ஏன் வாரக்கணக்கில் செய்கிறாய் என்பது அண்ணனுடைய அடுத்த கேள்வி. இயந்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தை 1589-இலேயே செய்துவிட்டார். திருப்பூரில் பனியன் துணி பின்னும் இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவைதாம். ஆனால் அப்பாவின் இடது பெருவிரலின் பக்கத்தில் எலும்பு புடைத்திருக்கிறது. அந்தக் காலுக்கு மட்டும் நான்கு கண்ணி கூடுதலாகப் போட வேண்டும். அதை அவர் காலைப் பிடித்துப் பார்த்தவர்தானே செய்ய முடியும்?

அடுத்தது அத்தைக்கு. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் எங்கள் வீட்டு மொசைக் தரை பனிக்கட்டியாகக் கிடக்கும். அத்தையின் குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. காலுறை போட்டால் மெட்டி இழையில் மாட்டுகிறது, ரப்பர் செருப்பின் வாரும் விரல் இடுக்கில் நுழைவதில்லை. இதற்கு வழி எங்கே கிடைத்தது தெரியுமா? எகிப்தில் கண்டெடுத்த பழைய கம்பளிக் காலுறை ஒன்றின் படத்தைப் பார்த்தேன். லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டுக்கும் 5-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். அதைப் பின்னிய முறை வேறு. ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துச் செய்வது. ஆனால் பெருவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரல்களுக்கும் ஒரு தனி அறை! வார்ச்செருப்போடு போட்டுக்கொள்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் அத்தைமார்களின் கால் பிரச்சினையை யாரோ ஒருவர் நைல் நதிக்கரையில் அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்துத் தீர்த்திருக்கிறார். எனக்கு அன்று முழுவதும் வேறு நினைவே இல்லை.

அதே மாதிரி இரண்டு அறையாகப் பிரித்து, மெட்டி விரலின் பக்கம் சற்றுத் தாராளமாக விட்டுப் பின்னினேன். அத்தை இப்போது காலுறையோடும் செருப்போடும் கொல்லைப்பக்கம் போய்வருகிறார். வெறும் காலுறையோடு தரையில் நடக்கக் கூடாது, வழுக்கும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சினிமாவைப் பற்றிக் கேட்டிருந்தாயே, நாத்தனாரும் நானும் இன்னும் விடவில்லை. பஸ் ஏறிக் கும்பகோணம் போய், காபி குடித்துவிட்டு மேட்னி பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து நாம் பார்த்த காலம் போய், இப்போது ஏசி குளிரில் நாத்தனார் முந்தானையைப் போர்த்திக்கொள்கிறார். நான் ஒரு ஜோடியைப் பையில் கொண்டுபோய் அவருக்குப் போட்டுவிடுகிறேன். விளக்கு அணைந்ததும் என் கை வேலையைத் தொடங்கும். காலுறையின் கெண்டைக்கால் பகுதி வெறும் சுற்றுதான், எண்ணத் தேவையில்லை, விரலே கண்ணியைத் தேடிக்கொள்ளும். ஊசி மட்டும் மூங்கிலாக இருக்க வேண்டும். உலோகமாக இருந்தால் கீழே விழும்போது அரங்கமே திரும்பிப் பார்க்கும். படத்தின் தரத்தையும் காலுறையே சொல்லிவிடுகிறது. சுமாரான படமென்றால் நான்கு விரற்கடை வளர்ந்திருக்கும். போன வாரம் பார்த்த படத்தில், இடைவேளைக்குப் பிறகு ஒரு தாய் ஒன்றும் பேசாமல் மகனுக்குச் சோறு போடும் காட்சி வந்தது. அதிலிருந்து கடைசிவரை ஒரு சுற்றுகூட ஓடவில்லை.

ஒரு சேதி. உளுந்து தெளிக்காத வயல்களில் ஆட்டுக்கிடை கட்ட இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்திருக்கிறார்கள். இரவெல்லாம் ஆடுகளின் சத்தம். இத்தனை ஆடு இருந்தும் ஒரு முழம் கம்பளி நூல் கிடைக்காது. அவற்றுக்கு இருப்பது முடிதான், கம்பளி இல்லை. உன் மலையில் சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கும் நீலகிரி ஆடுகளுக்குத்தான் மெல்லிய கம்பளி. அந்த நூல் எங்காவது கிடைத்தால் எனக்கும் ஒரு உருண்டை வாங்கி வை. வாங்கும்போது ஒரு இழையைக் கொளுத்திப் பார். தலைமுடி கருகும் வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக் என்ற செயற்கை இழை.

இனி உன் விஷயம். கை நடுங்குகிறது, கண்ணி நழுவுகிறது, ஊசியை எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அன்று சாயங்காலம் கம்பகரேசுவரர் கோயிலுக்குப் போனேன். மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது, நடுக்கம் தீர்க்கும் சாமி என்று ஊரே நம்பும் சந்நிதி. உன் பெயரில் அர்ச்சனை செய்தேன். நீயும் தள்ளிப்போடாமல் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துவிடு.

எதிர்வீட்டு அக்கா பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பெண். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைப் பாவு என்பார்கள். முடிந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைப்பது அவருடைய வேலை, ஆயிரக்கணக்கான இழைகள். அவருக்கும் வயதாகிறது, விரலும் முன்போல் இல்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். "கையை மடியில் ஊன்றிக்கொள்ளச் சொல், வேகத்தை மறக்கச் சொல்" என்றார். நான் சேர்ப்பது இவ்வளவுதான்: உலோக ஊசியை விட்டுவிட்டு மர ஊசிக்கு மாறு, வழவழப்பில்லாத கம்பளியை எடு. கம்பளி இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. அவை மரத்தைப் பிடித்துக்கொள்ளும், கண்ணி அவ்வளவு எளிதில் நழுவாது. கொஞ்சம் தடித்த நூலாக, 48 கண்ணியாகப் போதும். பூ வேலை எதுவும் வேண்டாம்.

ஒரு ஜோடியை நாம் இருவரும் சேர்ந்து பின்னுவோம். உன் காலுக்குத்தான். இடது கால் உன்னுடையது, வலது கால் என்னுடையது. ஒரு தாளில் பாதத்தை வைத்து வரைந்து அனுப்பு. உட்கார்ந்து வரைந்தால் பாதம் ஒடுங்கிவிடும், எழுந்து நின்று மகளை வரையச் சொல். நான் அனுப்பும் தடித்த நூல் வந்ததும், அதில் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி உறையில் வை. கோணலாக வந்தாலும் பிரிக்காமல் அனுப்பு. உன் கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கு ஏற்ற ஊசியை நான் தேர்ந்துகொள்கிறேன். இந்த ஜோடிக்கான நூலை நீ வாங்காதே, இரண்டு உருண்டைகளையும் நானே அனுப்புகிறேன். நிறத்தை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி